முன்சப்பையும் பின்தொடையும்

ஆர்லிஸ் ஹால்வர்சனுக்கு மான் கறி சமைக்க வராது என்று எங்கள் ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. ஆல்டர் க்ரீக் பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் முப்பது வருஷமாக நின்று, தினம் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள். இன்று ஊரில் பாதிப் பேர் அவள் கைச் சோற்றில் வளர்ந்தவர்கள்தான். தபால்காரர், ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், சர்ச் பாதிரியார் எல்லோரும் அதில் அடக்கம். அப்படிப்பட்டவளைப் போய் யார் குறை சொல்வது? யாரும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா மாவிஸ் வீட்டுக் கறி மாதிரி வருமா?" என்று மட்டும்தான் சொன்னார்கள்.

மாவிஸ் ஆர்லிஸின் ஓரகத்தி. ஆர்லிஸின் புருஷன் கோர்டி மூத்தவன், மாவிஸின் புருஷன் டெல்மர் இளையவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடும் சாய்ந்துபோன ஒரு வேலியும்தான். விஸ்கான்சினின் இந்த வடகோடியில் நவம்பர் பிற்பாதியில் வேட்டைப் பருவம் திறந்துவிட்டால் ஒன்பது நாளைக்கு ஒரு வேலையும் நடக்காது. தூரத்திலேயே ஆள் தெரிகிற ஆரஞ்சுச் சட்டையும் ஆரஞ்சுத் தொப்பியுமாக ஊரே காட்டுக்குள் போய்விடும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே கொண்டுவருவார்கள்.

பங்கு போடுவதற்கு அவர்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. யார் சுட்டாலும் மான் இரண்டு வீட்டுக்கும் பொது. மூன்று நாலு நாள் குளிரில் மரத்தில் தொங்கவிட்டு, தோலை உரித்து, கோர்டி வீட்டுக் கார் கொட்டகையில் பலகை போட்டு அறுப்பார்கள். முதுகுச் சதையும் கொத்துக்கறியும் சரிபாதி. மிச்சத்தை இரண்டு குவியலாக வைப்பார்கள். ஒன்றில் பின்தொடைகள், இன்னொன்றில் தோளும் முன்காலும் சேர்ந்த முன்சப்பைகளும் கழுத்தும். மூத்தவன் வீட்டுக்காரி முதலில் எடுப்பாள். ஆர்லிஸ் கல்யாணமாகி வந்த வருஷம் பின்தொடைப் பக்கம் வைத்த கையை ஒரு வருஷமும் மாற்றி வைத்ததில்லை. அதில் அவளுக்கு உறுத்தல் ஒன்றும் கிடையாது. வழக்கம் என்று ஒன்று இருக்கிறது, அவள் என்ன செய்வாள்?

மாவிஸ் இந்த வீட்டுக்கு வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. தீவனக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த பெண், குச்சி மாதிரி உடம்பு, கூரை அதிரச் சிரிப்பு. அவளுக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது என்று டெல்மரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதைக் கேட்டு ஆர்லிஸுக்கு அவள் மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது. வலியப் போய்ப் பாத்திரமெல்லாம் கொடுத்தாள். தன் கைப்பட மசாலா அளவுகள் எழுதிக் கொடுத்தாள். சமைக்கத் தெரியாத ஓரகத்தியைப் போல இனிமையான உறவு உலகத்தில் வேறு எது?

அடுத்த வருஷம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மாவிஸ் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூடி போட்ட இரும்புப் பானையில் கறி வந்தது. வெட்டக் கத்தி எடுத்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். முள்கரண்டி பட்டாலே நார்நாராகப் பிரிந்தது. கோர்டி இரண்டு தட்டு சாப்பிட்டான். மூன்றாவது தட்டையும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மான் கறின்னா இப்படித்தான் இருக்கணும்."

கோர்டி எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தான் இது என்ன மாதிரி அடி என்று புரியும். அவன் பேசவே மாட்டான். கல்யாணத்தன்று வெள்ளை உடையில் நின்ற ஆர்லிஸைப் பார்த்து "பரவால்ல" என்றவன். மூத்த மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தொட்டிலை எட்டிப் பார்த்து "ம்" என்றவன். ஆர்லிஸ் எட்டு வருஷம் செய்து போட்ட மான் கறிக்கு அவன் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு "உப்பு சரியா இருக்கு". அந்த மனுஷன் ஒரு முழு வாக்கியம் சொன்னான். தம்பி பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்.

அன்றிலிருந்து ஆர்லிஸுக்கு வயிற்றில் ஒரு அடுப்பு எரிய ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷம் எரிந்தது. பொறாமைதான், வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. அவளே கண்ணாடி முன் நின்று தலை சீவும்போது "எனக்கு அவ மேல பொறாமை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்னால் குறையும் என்று ஏதோ பத்திரிகையில் போட்டிருந்தது. குறையவில்லை.

அவளுக்கு ஆறாதது என்னவென்றால், ஒரே மான். அதே காடு, அதே துப்பாக்கி, அதே கத்தி. அதிலும் நல்ல கறி தன் வீட்டுக்கு வருகிறது, முரட்டுச் சப்பை மாவிஸ் வீட்டுக்குப் போகிறது. அப்படியிருந்தும் அவள் கறிதான் ருசி என்றால் அவள் ஏதோ போடுகிறாள். எதையோ மறைக்கிறாள். ஒரு ஈஸ்டர் அன்று மாவிஸ் கோழிக்குத் தீனி போடப் போன நேரத்தில் ஆர்லிஸ் அவள் சமையலறை அலமாரியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை குடைந்தாள். உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை, காலாவதியான சோடா மாவு. ஒன்றும் சிக்கவில்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள், கள்ளி, என்று இன்னும் எரிச்சல் கூடியது.

நேரடியாகவும் கேட்டுப் பார்த்தாள். "என்னதான்டி போடுற?"

"ஒண்ணும் போடலியே, அடுப்புல வைக்கிறேன், அவ்வளவுதான்" என்று மாவிஸ் சிரித்தாள். அதன்பின் இரண்டு நாள் ஆர்லிஸ் அவளோடு பேசவில்லை.

தன் வீட்டில் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். பின்தொடையை மோரில் ஊற வைத்தாள், ஆப்பிள் சாற்றில் ஊற வைத்தாள், பன்றிக் கொழுப்பைச் சுற்றிக் கட்டினாள். எதில் ஊற வைத்தாலும் கடைசியில் ஓவனில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் நடுச்சதையில் தெர்மாமீட்டரைக் குத்தி, முள் போக வேண்டிய இடத்துக்குப் போய் அதற்கும் மேலே கொஞ்சம் போன பிறகுதான் வெளியே எடுப்பாள். கோர்டி துண்டு துண்டாக வெட்டி, மேலே குழம்பை நிறைய ஊற்றி, நிதானமாக மென்று சாப்பிடுவான். "நல்லாருக்கா?" என்றால் "ம்" என்பான். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவேயில்லை. அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். சாவதற்குள் அந்த வாக்கியம் ஒரே ஒரு முறை தன்னைப் பார்த்து வர வேண்டும்.

இருபத்தாறாவது வருஷம் நவம்பர் ஆரம்பத்தில் கோழிக்கூண்டுப் படியில் உறைபனி வழுக்கி மாவிஸ் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. ஆர்லிஸ் பதறிப்போய் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதற்றம் உண்மையானதுதான். ஆனால் திரும்பி வரும்போது, இந்த டிசம்பர் விருந்து மாவிஸ் வீட்டில் நடக்காது, என் வீட்டில்தான், என்று ஒரு எண்ணம் மனசுக்குள் எட்டிப் பார்த்தது. அதை அவள் விரட்டவில்லை.

அந்த வருஷம் இரண்டு மான் விழுந்தன. கோர்டி சுட்டது இளம் பெட்டை. டெல்மர் சுட்டது கிழக் கிடா. பெட்டைகளைத் துரத்தித் துரத்திக் கழுத்து தடித்து, நாற்றம் பிடித்துக் கிடந்த கிடா. அறுத்து முடித்ததும் மறுபடி காட்டுக்குக் கிளம்பிய கோர்டி, கொட்டகை வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"இந்த வருஷம் பெட்டையோட பின்தொடை ரெண்டும் மாவிஸுக்குப் போகட்டும். ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு சப்பையோட மல்லுக்கட்ட முடியுமா அவளால? பாவம்."

பாவமாம்! ஆர்லிஸ் கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்களே, அப்போது சொன்னானா பாவம் என்று? தையல் பிரிப்பதற்கு முன்பே எழுந்து இவனுக்குச் சமைத்துப் போட்டாளே, அப்போது? முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவை? ஒரு மணிக்கட்டு உடைந்ததும் மாவிஸ் பாவம், மாவிஸுக்குப் பின்தொடை.

பொட்டலம் கட்டுவது எப்போதும் மாவிஸும் அவளும் சேர்ந்து செய்கிற வேலை. அன்று அவள் தனியாக நின்றாள். உள்பக்கம் பளபளக்கும் வெள்ளைத் தாள், ஒட்டும் நாடா, கறுப்பு மார்க்கர். எல்லாப் பொட்டலமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே என்ன என்று மேலே எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனின் துப்பாக்கிக் குறியை நம்பாவிட்டாலும் அவன் பெண்டாட்டி பொட்டலத்தின் மேல் எழுதியதை நம்புவோம்.

ஆர்லிஸ் கிழக் கிடாவின் முன்சப்பைகள் இரண்டையும் எடுத்தாள். கீழ்க்காலை அறுத்துத் தள்ளிவிட்டு, மீதியை நூலால் உருண்டையாக இழுத்துக் கட்டி, இரண்டு சுற்றுத் தாள் சுற்றினாள். மார்க்கரைத் திறந்து, பள்ளிக்கூடத்து மெனு எழுதும் அதே அழகான கையெழுத்தில் இரண்டிலும் எழுதினாள்: 'இளம் பெட்டை, பின்தொடை.' நிஜமான பெட்டைத் தொடைகள் அவள் ஃப்ரீசரில் பட்டாணிப் பைகளுக்கு அடியில் போயின. மாவிஸ் பிரித்துப் பார்த்துக் கேட்டால், குளிரில் கை மரத்துப் பொட்டலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நடக்கிறதுதானே.

சாயங்காலம் டெல்மர் வந்து பொட்டலங்களை வாங்கிக்கொண்டான். எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவன் முகம் மலர்ந்தது. "கோர்டி சொன்னான். ரொம்பப் பெரிய மனசு, ஆர்லிஸ்" என்றான். ஆர்லிஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மாவிஸிடமிருந்து போன் வந்தது.

"ஆர்லிஸ், நாளைக்கு வழக்கம்போல எல்லாரும் இங்கதான். நீ மட்டும் சர்ச்சுக்கு மட்டம் போட்டுட்டுக் காலைலயே வந்துடு."

"ஒத்தக் கையோட எதுக்குடி விருந்து? எங்க வீட்டுல வெச்சுக்கலாம்."

"அதெல்லாம் முடியாது, பொட்டலம் ரெண்டையும் எடுத்து உருக வெச்சுட்டேன். கை போனதுகூட இல்ல விஷயம். பின்தொடையை நான் என் ஜென்மத்துல தொட்டதில்ல. எப்படிச் சமைக்கிறதுன்னே தெரியாது. நேத்திலேர்ந்து பயத்துல வயிறு கலக்குது. பின்தொடைன்னா நீதானே. நீ வந்து செஞ்சு குடு, தாயே."

ஆர்லிஸ் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் மாவிஸின் சமையலறைக்குள் நுழைந்தபோது பொட்டலங்கள் இரண்டும் தட்டில் உட்கார்ந்திருந்தன. அவள் எழுத்து மேல்பக்கமாக, தெளிவாக. "நீ போய் ஹால்ல படு, நான் பார்த்துக்கறேன்" என்று ஆர்லிஸ் சொல்லிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! நான் கத்துக்க வேணாமா?" என்று மாவிஸ் ஸ்டூலை இழுத்துப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "பிரி, பிரி."

வேறு வழியில்லை. ஆர்லிஸ் நாடாவைக் கிழித்தாள். முதல் சுற்றுத் தாள் வந்தது, இரண்டாம் சுற்று வந்தது, நூலையும் அறுத்தாள். கட்டு விட்டதும் கறி தானாக விரிந்து படுத்தது. கறுத்த சதை, நடுவில் தட்டையான, கைவிசிறி மாதிரி அகன்ற தோள்பட்டை எலும்பு. தொடையில் அந்த எலும்பு கிடையாது. எங்கள் ஊரில் அஞ்சு வயசுக் குழந்தைக்கும் அது தெரியும்.

மாவிஸ் கறியைப் பார்த்தாள். தாளில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். இரண்டாவது பொட்டலத்தை இடது கையால் அழுத்திப் பார்த்தாள்.

"ரெண்டுமே மாறிடுச்சா?" என்றாள்.

"கை மரத்துப்போச்சு" என்றாள் ஆர்லிஸ். தயாராக வைத்திருந்த வார்த்தைதான். "கொட்டகைல அவ்வளவு குளிர்."

மாவிஸ் தாளை இடது கையால் சுருட்டி ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "ஆமா, இந்த வருஷம் குளிர் ஜாஸ்திதான்" என்றாள். உடனே முகமெல்லாம் சிரிப்பாகி, "அப்பாடா! சப்பைதானா! எனக்கு இப்பதான் உயிரே வந்துச்சு. இது எனக்குத் தெரியும். நான் வாயால சொல்றேன், நீ கையால செய்" என்றாள்.

இருபத்தாறு வருஷம் அலமாரி குடைந்தும் கிடைக்காதது இப்படிக் கிடைத்தது. முதலில் கொழுப்பு முழுவதையும் சுரண்டி எடுக்கச் சொன்னாள். மான் கொழுப்பு ஆறினால் மெழுகாக மேலண்ணத்தில் ஒட்டும், அது ஆர்லிஸுக்கும் தெரிந்ததுதான். பன்றிக் கொழுப்பில் நாலு பக்கமும் கறுக்க வதக்கச் சொன்னாள். ஆறு வெங்காயம், இரண்டு பிரிஞ்சி இலை. அப்புறம் அடுப்போரம் இருந்த காலைக் காப்பியைக் காட்டினாள். பால் சர்க்கரை இல்லாத, ஆறிப்போன கறுப்புக் காப்பி.

"அதை ஊத்து."

"காப்பியையா?"

"மிச்சம் இருக்கிறது பூரா."

"அலமாரில..." என்று ஆரம்பித்து ஆர்லிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அலமாரில ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு நீதான் பார்த்தியே" என்றாள் மாவிஸ், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. ஆர்லிஸின் காது சூடாகிவிட்டது.

பானையை மூடி ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் வைத்தார்கள். அஞ்சரை மணி நேரம். ஆர்லிஸ் மூன்று முறை மூடியைத் திறக்கக் கை நீட்டினாள். மூன்று முறையும் மாவிஸ் மாவுக்கட்டால் அவள் கையில் தட்டினாள். "திறக்காதே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

காத்திருக்கிற நேரத்தில் மாவிஸ் பேசிக்கொண்டே இருந்தாள். "மொத வருஷம் இந்தச் சப்பையை வெச்சுக்கிட்டு அழுதேன் தெரியுமா. செருப்பு மாதிரி இருந்துச்சு. கோபத்துல பானைல போட்டு, குடிக்காம வெச்சிருந்த காப்பியையும் அதுலயே கொட்டி, ஓவன்ல தள்ளிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டேன். மறந்தே போயிட்டேன். ஆறு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா இப்படி ஆகியிருக்கு. நீ வருஷா வருஷம் பின்தொடையைத் தூக்கிக்கிட்டுப் போறதப் பார்த்து எனக்கு வயிறு எரியும். சத்தியமா. இவளுக்கு மட்டும் எப்பவும் நல்லது, எனக்கு எப்பவும் மிச்சமான்னு."

ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறு எரிந்திருக்கிறாள்! ஒரு நிமிஷம் அது தேன் மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம், அதை இருபத்தாறு வருஷம் தெரியாமல் வீணடித்துவிட்டோமே என்று ஆத்திரமாக இருந்தது.

"பின்தொடைல அப்படி ஒண்ணும் பெருசா கிடையாதுடி" என்றாள், குரலில் கொஞ்சம் தாராளம் வந்து. "சொட்டுக் கொழுப்பு இருக்காது. நேரமாச்சுன்னா காய்ஞ்சு கட்டையாயிடும். அதை மெல்லிசா வெட்டி, இரும்புச் சட்டியில வெண்ணெய் போட்டு, இந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம், அந்தப் பக்கம் ஒரு நிமிஷம், டக்குனு எடுத்துடணும். உள்ள சிவப்பா இருக்கணும்."

"நீ அப்படியா செய்யிற?"

"நான் எங்க! முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தெர்மாமீட்டர் குத்திக் குத்தி, உள்ள சிவப்பா இருந்தா என் கை சட்டியை இறக்கவே இறக்காது."

"ஓ" என்றாள் மாவிஸ்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள், மருமகன்கள் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். பானை நடுவில் வந்தது. மூடியைத் திறந்ததும் பேச்சு நின்றது. ஆர்லிஸ் தன் தட்டைப் பார்க்கவில்லை, கோர்டியின் முகத்தையே பார்த்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். இன்னொரு வாய் எடுத்தான். இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. வாயைத் துடைத்தான்.

"மான் கறின்னா இப்படித்தான் இருக்கணும்" என்றான் கோர்டி, மாவிஸைப் பார்த்து.

"என்னைப் பார்த்து ஏன் சொல்ற?" என்று மாவிஸ் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குக் கை எங்க இருக்கு? முழுக்க முழுக்க ஆர்லிஸ் செஞ்சது."

எல்லாத் தலையும் திரும்பின. மூத்த மகள் கை தட்டினாள். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது. கோர்டி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீயா?" என்றான். நெற்றி சுருங்கியது. அவன் நிஜமாகவே யோசித்தான், பாவி. "அப்போ ஏன் நம்ம வீட்டுல இப்படி வர்றதில்ல?"

டெல்மருக்குப் புரை ஏறியது. மருமகன்கள் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள். பதில் சொன்னது மாவிஸ்தான்:

"அவளுக்கு எப்பவும் நல்ல கறியே கிடைச்சுது, கோர்டி. அதான்."

மேஜையே வெடித்துச் சிரித்தது. ஆர்லிஸும் சிரித்தாள், அழாமல் இருப்பதற்காக. அந்த நேரம் பார்த்து டெல்மர் பானையிலிருந்து அந்த அகன்ற எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது தொடை இல்லையே. சப்பைல்ல?"

"பொட்டலம் மாறிடுச்சு. குளிர்ல ஆர்லிஸுக்குக் கை மரத்துப்போச்சு" என்றாள் மாவிஸ். சொல்லிவிட்டு ஆர்லிஸுக்கு ரொட்டித் தட்டை நீட்டினாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று ஆர்லிஸுக்குத் தோன்றியது. கோர்டி தன் பெண்டாட்டியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

வண்டியில் வரும்போது கோர்டி சோளக்காட்டு வளைவில் கேட்டான்.

"அந்தப் பெட்டைத் தொடை எங்க?"

"பட்டாணிக்குக் கீழ."

"ம்" என்றான். அதன்பின் அதைப் பற்றி அவன் ஒருபோதும் கேட்கவில்லை. ஜனவரியில் அவள் அந்தத் தொடையைச் சமைத்தபோது மேலே குழம்பை நிறைய ஊற்றி, நிதானமாக மென்று சாப்பிட்டான்.

அடுத்த நவம்பரில் கொட்டகையில் மறுபடி பலகை போட்டார்கள். மாவிஸின் கை சரியாகிவிட்டிருந்தது. ஒரே மான்தான் அந்த வருஷம், நல்ல பெட்டை. இரண்டு குவியல் வைத்தார்கள். மூத்தவன் வீடு முதலில். ஆர்லிஸ் முன்னால் வந்து, முன்சப்பைக் குவியல் மேல் கையை வைத்தாள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டான். "ஆர்லிஸ்..." என்றான். கோர்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். போன வருஷத்துத் தப்புக்கு ஈடு செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள், நல்ல ஜீவன்கள். ஆர்லிஸ் மனசில் அப்படி எந்தப் புண்ணிய எண்ணமும் இல்லை. சப்பையும் கையில், காப்பி வித்தையும் கையில். இனிமேல் அந்த வாக்கியம் என் வீட்டு மேஜையில்தான் வரும், அவள் அந்தக் கட்டைத் தொடையோடு மாரடிக்கட்டும், என்றுதான் இருந்தது. மாவிஸ் பின்தொடைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நன்றி சொல்லும் திருநாள் வாரத்தில் ஆர்லிஸ் ஒரு சப்பையைக் காப்பி ஊற்றி வைத்தாள். அஞ்சரை மணி நேரத்தில் மூடியை நாலு முறைதான் திறந்தாள். கறி நன்றாகவே வந்திருந்தது. கோர்டி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு" என்றான். முழு வாக்கியம் இல்லைதான். ஆனாலும் பக்கத்தில் வந்துவிட்டது. மூடியைத் திறக்காமல் இருந்தால் கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு மாவிஸ் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை பானை இல்லை. மாவிஸ் இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து நேராகத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. மெல்லிய மெல்லிய துண்டுகள், ஓரம் பழுப்பாக, நடுவில் ரோஜா நிறச் சிவப்பு. ஆர்லிஸ் ஒரு துண்டு வாயில் போட்டாள். கரைந்தது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பின்தொடையைச் சாப்பிட்டதில்லை. முப்பத்து நாலு வருஷப் பின்தொடை அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது, ஆனாலும் சாப்பிட்டதில்லை.

கோர்டி மூன்றாவது தட்டை முடித்து வாயைத் துடைத்தான். ஆர்லிஸ் முள்கரண்டியை இறுகப் பிடித்தாள்.

"மான் கறின்னா இப்படித்தான் இருக்கணும்."

"நான் ஒண்ணும் பண்ணல" என்று மாவிஸ் சிரித்தாள். "போன வருஷம் இதே அடுப்பங்கரைல ஆர்லிஸ் சொல்லிக் குடுத்தா. இந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம், அந்தப் பக்கம் ஒரு நிமிஷம். அவ சொன்னதை அப்படியே செஞ்சேன்."

கோர்டி பெண்டாட்டி பக்கம் திரும்பினான். நெற்றி மெதுவாகச் சுருங்க ஆரம்பித்தது.

"அப்போ ஏன் நம்ம வீட்டுல..."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு, கோர்டி" என்றாள் ஆர்லிஸ். சொல்லிவிட்டுத் தன் தட்டை மாவிஸ் பக்கம் நீட்டினாள். "எனக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு."